ஜாமீன்காரி

உக்காருங்க அம்மிணி, ஜன்னலோரம் எடம் இருக்குதுங்க. பையை நான் மடில வெச்சுக்கறேன். கனமெல்லாம் இல்ல. ஒரு கவரு, கொழந்தைக்கு ஒரு கவுனு, கொஞ்சம் அதிரசம், அவ்வளவுதான். கழுத்துல கார்டு தொங்குதே, மில்லுங்களா? ரெட்டப்புளி மில்லா? அட, நானும் ரெட்டப்புளிதானுங்க எறங்கோணும். வந்தாச் சொல்லுங்க சாமி, எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்ல.

ஆமாங்க, சொந்தந்தான். என்ற தம்பி பொண்டாட்டி அங்க ஹாஸ்டல்ல இருக்கறா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதான் அவங்கம்மா சொல்லியுட்டாங்க. நீங்க யாரோ எவரோ, உங்ககிட்டச் சொன்னா என்ன வந்தது. சுகந்தின்னு பேரு. ஒல்லியா இருப்பா. முன்னாடி ரெண்டு பல்லு இருக்காது. நீங்க பாத்திருக்க மாட்டீங்க, அவ புதுசு.

பல்லா? அது உழுந்து போச்சுங்க. பஸ்ஸுல ஏறப் போயி கீழ உழுந்துட்டா. அதுக்கும் என்ற தம்பிக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. அவன் தொடவே இல்ல. டீக்கடைல நாலு பேரு பாத்திருக்கறாங்க, தொடல.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. பாதிலருந்து சொன்னா எல்லாமே தப்பாத்தான் தெரியும். ரெட்டப்புளி வர இன்னும் நேரம் கெடக்குதல்ல? மொதல்லருந்து சொல்றனுங்க. யாருகிட்டயாவது சொன்னாத்தான் எனக்கும் நெஞ்சுல இருக்கறது எறங்கும். ராத்திரில தூக்கமே இல்லீங்க எனக்கு. கண்ணை மூடுனா ஒரு கற்பூர வாசம் வருது. டாக்டருகிட்டக் கேட்டேன், மூக்குல சதை வளந்திருக்கும்ங்கறாரு.

என்ற தம்பி பேரு மோகனசுந்தரம். எங்கம்மா சாகறப்ப அவன் கைக்கொழந்தை. நான்தான் இடுப்புல வெச்சு வளத்தேன். கல்யாணமாகி மாமியா ஊட்டுக்குப் போறப்பக்கூட அவனையும் கூட்டிக்கிட்டுத்தான் போனேன். எனக்குன்னு வயித்துல ஒண்ணும் தங்கல. அதனால அவனுக்கு அக்காளும் நான்தான், ஆத்தாளும் நான்தான். கறிக்கோழி வண்டி ஓட்டறான். தங்கமான பையனுங்க. கோவம் வந்தா மட்டுந்தான் மனுசனா இருக்க மாட்டான். கோவம் யாருக்கு வரல? என்ற ஊட்டுக்காரரு அடிக்காத அடியா? ஒருக்கா அடுப்புலருந்து கொள்ளிக்கட்டைய உருவிக்கிட்டு வந்தாரு. நான் எந்த ஸ்டேசனுக்குப் போனேன்? அடிக்கற கைதான் அணைக்கும்னு சொல்லுவாங்க. அணைக்கறதுக்கு அந்த மனுசனுக்கு நேரம் வரல, அதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு, அது வேற விசயம்.

அன்னைக்கு நடந்ததும் பெரிசா ஒண்ணுமில்லீங்க. நாலு பாத்திரம் இருக்கற எடத்துல முட்டத்தான் செய்யும். அவ ஆரோடயோ போன்ல பேசிக்கிட்டிருந்திருக்கறா. ஆருன்னா, அவங்கம்மாதான். இவன் கேக்க, அவ எதுத்துப் பேச, கைக்குச் சிக்குனது போன் சார்ஜரு. அந்த ஒயரைக் கழுத்துல சுத்திப்போட்டான். சுத்துனான், அவ்வளவுதான். இறுக்கல. இறுக்கியிருந்தா இன்னைக்கு அவ உசுரோட இருப்பாளா, நீங்களே சொல்லுங்க. இதை நான்தான் வக்கீலுக்கு எடுத்துக் குடுத்தேன். அவரும் கோர்ட்டுல அதையேதான் சொன்னாரு. கொழந்தை கத்துன கத்துல பக்கத்து ஊட்டுக்காரங்க கதவை ஒடச்சுக்கிட்டு உள்ள போயிருக்கறாங்க. தர்ஷின்னு பேரு, இப்பத்தான் பள்ளிக்கோடம் போற வயசு. அத்தைன்னா உசுரு அதுக்கு.

கொலை முயற்சின்னு கேசு போட்டாங்க. கொலையாமா! பெத்தவ இல்லாத பையன் ஜெயில்ல தட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கறான். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்ல. வக்கீலைப் போயிப் பாத்தேன். அவரு சொன்னாரு, "ஜாமீன் கெடைக்கறது அந்தப் பொண்ணு கைலதாம்மா இருக்குது. எனக்குப் பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை ஜட்ஜம்மாகிட்டச் சொல்லிப்போட்டா, மனு தள்ளுபடி"ன்னு.

செரின்னு நேரா அவங்கம்மா ஊட்டுக்குப் போனேன். அவங்கம்மா உள்ளயே விடல. நான் வாசல்லயே உக்காந்துட்டேன். பொறவு அவளே வெளிய வந்தா. கழுத்துல துணி சுத்தியிருந்தா. பேச்சே வரல அவளுக்கு, காத்துதான் வந்துச்சு. கஞ்சியைத் தவிர எதுவும் எறங்கலைன்னு அவங்கம்மா சொன்னாங்க. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. தர்ஷி ஓடி வந்து மடில ஏறிக்கிச்சு. நான் அழுதேன். "நீ அவனுக்காகப் பேச வேண்டாங் கண்ணு, எதுத்துப் பேசாம இருந்தாப் போதும்"னு கையப் புடிச்சேன்.

அவ அந்தக் காத்துக் கொரல்ல, "அவரு நான் இருக்கற பக்கமே வரமாட்டாருன்னு சத்தியம் பண்ணுங்க அண்ணி, போதும்"னா.

எங்க பக்கம் சத்தியம்னா சும்மா வாயில சொல்றதில்லீங்க, உங்களுக்குத் தெரியுமே. சூடம் பத்த வெச்சு, உள்ளங்கைல அணைக்கோணும். பொய்யாப் போச்சுன்னா ஆத்தா சும்மா உட மாட்டா. அவங்கம்மா வேண்டாம் வேண்டாம்னாங்க, "கோர்ட்டுல எழுதி வாங்கிக்கலாங் கண்ணு, இவிய சூடத்தை நம்பாத"ன்னாங்க. அவதான் போய்ச் சூடம் எடுத்துட்டு வந்தா. எழுத்தைவிட அவளுக்கு என்ற மேல நம்பிக்கை. ஒரு டம்ளரைக் கவுத்து வெச்சு, அது மேல பத்த வெச்சா. நான் அணைச்சேன். "அவன் உன்ற ஊட்டு வாசல்ல காலு வெக்க மாட்டான்"னு சொல்லி அணைச்சேன்.

அவ கேட்டது "இருக்கற பக்கம்". நான் சொன்னது "வாசல்". யோசிச்சுச் சொல்லலீங்க. வாயில வந்துது, சொன்னேன். அவளும் அதைத் திருத்தல. திருத்தியிருக்கலாம்ல? கொரலு இல்ல அவளுக்கு. அதுவும் செரிதான்.

கோர்ட்டுல ஜட்ஜம்மா நல்லவங்கதான். எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டு, "இவன் இந்த ஊர்லயே இருக்கக் கூடாது, மதுரைல தங்கி அங்க இருக்கற ஸ்டேசன்ல தெனம் கையெழுத்துப் போடட்டும்"னாங்க. மதுரைல அவனுக்கு யாரு இருக்கறாங்க? தனியா லாட்ஜுல கெடந்தா மருந்து கிருந்தக் குடிச்சுப் போடுவான். ஜெயில்லயே சொல்லிக்கிட்டிருந்தான், "அக்கா, நான் செத்துப் போறேன்"னு. நான் வக்கீல் கோட்டைப் புடிச்சு இழுத்தேன். "என்ற ஊட்லயே இருக்கட்டுஞ் சாமி, என்ற கண்ணு முன்னாடி இருக்கட்டும், இங்க நம்ம ஸ்டேசன்லயே கையெழுத்துப் போடட்டும்னு கேளுங்க"ன்னு. அவரும் எந்திரிச்சு, தாயில்லாப் புள்ளை, அக்கா விதவைன்னு என்னமோ இங்கிலீசுல சொன்னாரு.

ஜட்ஜம்மா சுகந்தியப் பாத்துத் தமிழ்ல கேட்டாங்க. "ஏம்மா, இவரு இங்கயே இருந்தா உனக்குப் பயமில்லையா?"

அவ ஜட்ஜம்மாவைப் பாக்கல. என்னையப் பாத்தா. நான் என்ற கைய, அந்தச் சூடம் அணைச்ச கைய, இப்படி நெஞ்சு மேல வெச்சுக் காட்டுனேன். "இல்லீங்க"ன்னு சொல்லிட்டா.

அவ்வளவுதான். கெடைச்சிருச்சு. ஜாமீன் கையெழுத்து நான்தான் போட்டேன். ஆபீசுல இருந்த கிளார்க்கு கேட்டாரு, "இவன் ஓடிப் போயிட்டா நீதாம்மா பொறுப்பு, தெரியும்ல?"ன்னு. வக்கீலும் அதையேதான் கேட்டாரு. ஓடுவானா ஓடுவானான்னு ஊரே கேட்டுச்சுங்க. அவன் ஒரு நாளுகூட ஓடல. தெனம் போயி நிக்கறான். கடைசில ஓடுனது அவதான்.

இருங்க, போனு. என்ற தம்பிதான்.

சொல்றா தம்பி. ஆ, ஏறி உக்காந்தாச்சு. எடம் கெடைச்சுது. இல்ல, எறங்கல, இப்பத்தான மேட்டுக்கடை தாண்டுது. ஆமா. நீ ஸ்டேசனுக்குப் போயிட்டயா? செரி. செரி சாமி, வெச்சர்றேன்.

பாத்தீங்களா, இதுக்குள்ள ரெண்டு தடவை பண்ணீட்டான். நான் பத்திரமாப் போறனான்னு அவனுக்கு வெசனம். இவனைப் போயிக் கொலைகாரங்கறாங்க.

எங்க உட்டேன்? ஆ, கையெழுத்து. மகளிர் ஸ்டேசன்ல தெனம் வெடியால பத்து மணிக்குக் கையெழுத்து. அதுல பாருங்க, யாருமே யோசிக்கல. வக்கீலும் யோசிக்கல, போலீசும் யோசிக்கல. அந்த ஸ்டேசன் இருக்கறது சுகந்தி வேலைக்குப் போற பனியன் கம்பெனிக்கு எதுத்தாப்பல. அவ பஸ்ஸை உட்டு எறங்கற ஸ்டாப்பு ஸ்டேசன் கேட்டுக்குப் பக்கத்துலயே. நடுவுல ஒரு டீக்கடை. எனக்குத் தெரியுமான்னா... தெரியும். அந்தக் கம்பெனி எனக்குத் தெரியாதா, அவளுக்கு அங்க வேலைக்குச் சொல்லி உட்டதே நான்தான். ஆனா அந்த நேரத்துல ஞாபகம் வரலீங்க. வந்திருந்தா சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கறேன்.

பத்து மணிக் கையெழுத்துக்கு அவன் எட்டு மணிக்கே கெளம்பிருவான். சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு. "நேரத்துல போகலைன்னா ஜாமீனை ரத்துப் பண்ணிருவாங்கக்கா"ம்பான். எனக்குப் பெருமையா இருந்துச்சு, பரவால்ல, பையனுக்குப் பொறுப்பு வந்திருச்சுன்னு.

ஒரு நா அவகிட்ட இருந்து போனு. கொரலு இன்னும் முழுசா வரல. "அண்ணி, அவரு டீக்கடைல நிக்கறாரு."

"நின்னா என்ன கண்ணு, டீக் குடிப்பான்."

"தெனம் நிக்கறாரு. நான் எறங்கறப்பவும் நிக்கறாரு, பொழுதோட போறப்பவும் நிக்கறாரு."

"உன்னையத் தொட்டானா? பேசுனானா?"

"இல்லீங்க. பாக்கறாரு."

"பாத்தாக் கொறஞ்சா போயிருவ? தாலி கட்டுனவன் பாக்கக் கூடாதா? ரோடு எல்லாத்துக்கும் பொதுவுதான?" அப்படின்னு சொல்லிப்போட்டேன். அவ போனை வெக்கல. பொறவு, "நீங்க சூடம் அணைச்சீங்கல்ல அண்ணி"ன்னா. "அணைச்சேன், வாசல்ல காலு வெச்சானா?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதான? அவ வெச்சுட்டா.

ஸ்டேசன்லயும் போயிச் சொல்லியிருக்கறா. அங்க இருந்த போலீசு அம்மிணி, "நாங்கதான அவனைத் தெனம் வரச் சொல்லியிருக்கறோம், வராதேன்னு எப்பிடிச் சொல்றது"ன்னு கேட்டிருக்கறாங்க. அவிய மேலயும் தப்பில்ல. கோர்ட்டு வரச் சொல்லுது, அவன் வர்றான். எல்லாமே சட்டப்படிதான் நடந்துச்சுங்க. அதுதான் எனக்கு வெளங்க மாட்டீங்குது. ஒருத்தரும் ஒரு தப்பும் பண்ணல, ஆனா அந்தப் புள்ளை வாயெல்லாம் ரத்தமா நடுரோட்டுல கெடந்துச்சு.

எப்பிடின்னா, அன்னைக்கு அவன் டீக்கடைய உட்டு எறங்கி அவகிட்டப் பேசலாம்னு நடந்து போயிருக்கறான். ஓடல, நடந்துதான் போயிருக்கறான். அவ பாத்துட்டு, கெளம்பிப் போயிக்கிட்டிருந்த பஸ்ஸைத் தொரத்திக்கிட்டு ஓடியிருக்கறா. கம்பியப் புடிச்சா, கை வழுக்கிருச்சு. அவளா ஓடுனா, அவளா உழுந்தா. அவன்தான் மொதல்ல போயித் தூக்கப் பாத்தானாமா. அவன் கை பட்டதும் அவ கத்துன கத்துல டீக்கடைக்காரரே பாய்லரை உட்டுட்டு ஓடி வந்திருக்கறாரு. "தூக்கப் போனது தப்பாக்கா"ன்னு என்ற மடில தலை வெச்சு அழுதான். நானும் அழுதேன்.

அன்னைக்கு ஸ்டேசன்ல பெரியம்மிணி, எஸ்.ஐ. அம்மா, என்னையத் தனியாக் கூப்புட்டாங்க. "கேசு எழுதுனா அவன் தொடவே இல்லைன்னு வக்கீலு நிப்பாரு. ஆனா நீ நெனச்சா முடியும். ஜாமீன் போட்டது நீதான? கோர்ட்டுல போயி எனக்கு இவனுக்கு ஜாமீன் நிக்க இஷ்டமில்லைன்னு எழுதிக் குடு. வேற ஆளு நிக்கலைன்னா, அவனை மறுக்கா உள்ள வெச்சிருவாங்க"ன்னு. நான் காதைப் பொத்திக்கிட்டேன். தூக்கி வளத்த கையால அவனை நானே புடிச்சு ஜெயிலுக்குத் தள்றதா? "அதுக்கு அவன் என்ன பண்ணீட்டான்"னு கேட்டுப்போட்டு வந்துட்டேன்.

ஆனா வந்தப்பறம் ஊட்ல இருக்க முடியல. எங்க மாரியாத்தா கோயில் பூசாரிகிட்டப் போயிக் கேட்டேன். "ஏனுங்க, வாசல்னா எதுவரைக்கும்?"

அவரு சிரிச்சாரு. "எதுக்குக் கேக்கறே? கோலம் போடற எடம் வரைக்கும் வாசல்."

"அந்த எடத்துல காலு வெக்கலைன்னா சத்தியம் தப்பலையில்லீங்க?"

"யாரு, எங்க காலு வெக்கல?"ன்னு கேட்டாரு. சொன்னேன். முழுசும் சொல்லல, கொஞ்சம் சொன்னேன். அந்த மனுசன் துன்னூறுத் தட்டைக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தாரு. துன்னூறு குடுக்கல. நான் நின்னு நின்னு பாத்துட்டு வந்துட்டேன். பூசாரிக்கே தெரியலைன்னா நமக்கு என்னங்க தெரியும்.

பொறவுதான் அவ காணாமப் போயிட்டா, கொழந்தையக் கூட்டிக்கிட்டு. கம்பெனிலயும் சொல்லல. இவன் தேடாத எடமில்ல. கோயமுத்தூரு, திருப்பூரு, அவ சித்தப்பா ஊடு, எல்லாம் போனான். வெடியால கையெழுத்தைப் போட்டுப்போட்டுப் போவான், பொழுதோட வருவான். சோறு எறங்காது. "என்ற புள்ளையப் பாக்கோணுங்கா"ம்பான். சுகந்தி பேரையே எடுக்க மாட்டான். அது நல்லதுதான, கோவம் போயிருச்சுன்னு நெனச்சேன்.

போன வாரம் அவங்கம்மா போன் பண்ணாங்க. எனக்கு ஆச்சரியம். என்ற மொகத்துல முழிக்க மாட்டேன்னவங்க. "வேற வழியில்லாம உன்னையக் கேக்கறேன். கொழந்தையப் பள்ளிக்கோடத்துல சேக்கப் பொறந்த சர்டிபிகேட்டு கேக்கறாங்க. அது உங்க ஊட்ல, அவன் பொட்டில இருக்குது. எடுத்துக் குடு. அவ ரெட்டப்புளி மில்லு ஹாஸ்டல்ல இருக்கறா. நீ மட்டும் போ. அங்க எறங்கி ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் குடுத்தா அவளே கேட்டுக்கு வெளிய வருவா. அவனுக்குத் தெரிஞ்சுதுன்னா அவ பொணத்தைத்தான் பாக்கோணும்"னாங்க. அப்பிடியெல்லாம் பேசக் கூடாதுதான், பெத்த வயிறு, போகட்டும்.

நான் சந்தோசப்பட்டேனுங்க அம்மிணி. நெசமா. இதை ஒண்ணு செஞ்சு குடுத்தா அந்தக் கற்பூர வாசம் போயிரும்னு பட்டுச்சு. அவ கைல குடுத்துட்டு, தர்ஷிய ஒரு தடவை தூக்கிட்டு வந்தரலாம்னு.

சர்டிபிகேட்டு அவன் பொட்டிலதான். சாவியும் அவங்கிட்டத்தான். அதனால கேக்க வேண்டியதாப் போச்சு. "தர்ஷி பேரை ரேசன் கார்டுல சேக்கோணும், சர்டிபிகேட்டைக் குடுறா"ன்னேன். பொய்தான். ஆனா நல்லதுக்குச் சொன்ன பொய்தான? அவன் ஒரு வார்த்தை கேக்கல. எடுத்துக் குடுத்துட்டான். கொஞ்ச நேரம் என்ற மொகத்தையே பாத்தான், அவ்வளவுதான். நேத்து ராத்திரி, "நாளைக்குப் பழனிக்குப் போறேன், ஒரு வேண்டுதல்"னேன். அதுக்கும் ஒண்ணும் கேக்கல. "நானே பஸ் ஸ்டேண்டுல உடறங்கா"ன்னான். வெடியால பைக்குல கூட்டிக்கிட்டு வந்து, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்து, இந்த வண்டியப் பாத்து ஏத்தி உட்டுட்டு, நகர்ற வரைக்கும் நின்னான். எத்தனையோ மாசம் கழிச்சு அவன் மொகத்துல இன்னைக்குத்தான் சிரிப்பைப் பாத்தேன்.

வண்டி ஏன் நின்னுருச்சு? ரோட்டு வேலையா? செவப்புக் கொடி காட்டறான், ஒரு பக்கமாத்தான் உடுவான் போல. இந்த டிரைவரு எதுக்கு இப்பிடி ஹாரன் அடிக்கறாரு, காது போகுது. பாட்டு வேற அதுல.

மறுக்காப் போனு. சிரிக்காதீங்க, பாசம்.

சொல்றா. கேக்கல, இங்க ஒரே ஹாரன். இல்லடா, வழில நிப்பாட்டிட்டாங்க. நீ எங்க, கையெழுத்துப் போட்டுட்டயா? வரிசையா? ஸ்டேசன்லயே இருக்கறயா? செரி, நான் வெக்கறேன்... இருடா, அங்க என்ன சத்தம்?

...

ஒண்ணுமில்லீங்க அம்மிணி. ஒண்ணுமில்ல. 

இந்த ஹாரன் பாட்டு இருக்குதுல்ல, இது போன்ல கேட்டுச்சு. இந்தக் காதுல வெளிய கேட்டது, அந்தக் காதுல போன்லயும் கேட்டுச்சு. ஒரே பாட்டு. ஸ்டேசன்ல இருக்கறேங்கறான்.

கொஞ்சம் நகருங்க. பின்னாடி பாக்கறேன். நீங்க திரும்பாதீங்க, அவனுக்குத் தெரிஞ்சிரும். மண்ணு லாரி, அதுக்குப் பின்னால ஒரு காரு. காருக்குப் பக்கத்துல... ஹெல்மெட்டைக் கழட்டி பைக்கு டேங்க் மேல வெச்சிருக்கறான். நேத்து நான் தேச்சு வெச்ச நீலச் சட்டை.

அய்யோ.

ஏனுங்க அம்மிணி, ரெட்டப்புளி இன்னும் எத்தனை தூரம்? அடுத்த ஸ்டாப்பேவா? அடுத்ததேவா?

அவன் ஏன் ஒண்ணுமே கேக்கலைன்னு நான் யோசிக்கவே இல்ல. சர்டிபிகேட்டு எதுக்குன்னு கேக்கல. பழனிக்கு ஏன் தனியான்னு கேக்கல. நான் கெட்டிக்காரின்னு நெனச்சேன். அவன் மூணு தடவையும் "எறங்கிட்டயா, எறங்கிட்டயா"ன்னு கேட்டான், அதைப் பாசம்னு உங்ககிட்டப் பீத்திக்கிட்டேன். நான் வழி காட்டிக்கிட்டுப் போறனுங்க. அவனுக்கு முன்னாடி நடந்து, இந்தா இதுதான் ஊடு, இதுதான் வாசல்னு நானே காட்டப் போறேன்.

அவன் இறுக்குனான் அம்மிணி. அன்னைக்கு அந்த ஒயரை இறுக்குனான். அவ கழுத்துல அந்தக் கோடு எப்படி உழுந்திருந்துச்சுன்னு நான் பாத்தேன், துணிய அவுத்துக் காட்டுனா. பாத்துட்டுத்தான் சூடத்தை அணைச்சேன்.

அழுகறதுக்கு இப்ப நேரமில்ல. வண்டி நகருது. நான் சொல்றதைக் கேளுங்க, உங்க கால்ல வேணாலும் உழுகறேன். இந்தக் கவரைப் புடிங்க. சர்டிபிகேட்டு இதுக்குள்ள இருக்குது. கவுனையும் எடுத்துக்கங்க. உங்க பைக்குள்ள போட்டுக்கங்க, கைல தெரிய வேண்டாம். நீங்க அந்த மில்லுதான, ஹாஸ்டல் வார்டன்கிட்டக் கேட்டு சுகந்திகிட்டச் சேத்திருங்க. நான் மிஸ்டு கால் குடுக்காட்டி அவ வெளிய வரமாட்டா, அதனால இப்ப அவ கேட்டுக்குள்ளதான் இருப்பா. வெளிய வர வேண்டாம்னு சொல்லுங்க. இன்னைக்குப் பூரா வர வேண்டாம்னு சொல்லுங்க. நாளைக்கே எடத்தை மாத்திக்கச் சொல்லுங்க, அவனுக்கு இந்த ரோடு தெரிஞ்சு போச்சு. யாரு காட்டுனதுன்னு கேட்டா, அண்ணிதான்னு சொல்லுங்க. மறைக்க வேண்டாம்.

நான் எறங்கலீங்க. எப்பிடி எறங்கறது?

கண்டக்டரு! ஏனுங்க கண்டக்டரு, ரெட்டப்புளிக்கு எடுத்திருந்தேன், பழனிக்கு மாத்திக் குடுங்க. ஆமாங்க, கடைசி வரைக்கும்.

நீங்க எந்திரிங்க, நான் ஜன்னலோரம் உக்காந்துக்கறேன். தலையக் கொஞ்சம் வெளிய தெரியற மாதிரி வெச்சுக்கறேன். அக்கா வண்டிலதான் இருக்கறாள்னு அவன் கண்ணுக்குத் தெரியோணும். தெரிஞ்சா என்ற பின்னாடியே வருவான். பழனி போற வரைக்கும் வருவான். அங்க எறங்கி மொதல் வேலையா வக்கீலுக்குப் போன் பண்ணோணும். எனக்கு இவனுக்கு ஜாமீன் நிக்க இஷ்டமில்ல... ஒரு வரிதானுங்க, வாயில வர மாட்டீங்குது. எஸ்.ஐ. அம்மா சொன்னப்பவே எழுதிக் குடுத்திருந்தா இந்தப் புள்ளை இங்க வந்து ஒளிஞ்சிருக்க வேண்டியதில்ல. இன்னைக்குக் குடுக்கறேன். குடுத்தாகோணும். இந்தக் கையாலதான் அவனுக்குச் சோறு ஊட்டுனேன்.

இதானுங்களா ஸ்டாப்பு? எறங்குங்க. மெதுவா, எப்பவும் எறங்கற மாதிரி எறங்குங்க. என்னையத் திரும்பிப் பாக்காதீங்க. வண்டிக்கு முன்னால சுத்திப் போயிருங்க அம்மிணி.

ஆ, தம்பி. சொல்லு சாமி. இல்லடா, எறங்கல, எங்கயும் எறங்கல. இது ஏதோ ஊரு, பேரு தெரியல. பழனிக்கு இன்னும் ரொம்ப தூரம் போகோணும். நீ... நீ சாப்புட்டயாடா?